சாரி கார்டு சத்தம்

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 275ஆம் பாடலில் இரண்டு பெண்கள் மாலை நேரத்தில் ஒரு மணியோசையைக் கேட்கிறார்கள். மேய்ச்சல் முடிந்து ஊர் திரும்பும் பசுக்களின் கழுத்து மணியா, எடுத்த வேலையை முடித்துக்கொண்டு காட்டாற்றின் ஈர மணலில் வரும் தலைவனின் தேர்மணியா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முல்லை படர்ந்த பாறைமீது ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று தோழி தலைவியை அழைக்கிறாள். முல்லைத் திணை, இருத்தல் ஒழுக்கம் என்று எழுதிப்போட்டு வகுப்பில் இந்தப் பாடலை நாங்கள் முடித்துவிடுவது வழக்கம். காத்திருக்கும் பெண்ணின் ஏக்கம் தேர்வுக்குப் போதும்.

ஆனால் தோழி செய்வதை நிதானமாகப் பாருங்கள். ஒரு சத்தம் கேட்கிறது. அது எவற்றிலிருந்து வரலாம் என்று இரண்டு சாத்தியங்களை முன்வைக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் சொல்கிறாள். பிறகு, இரண்டில் எது என்று உறுதிசெய்ய ஒரு வழி சொல்கிறாள்: ஏறிப் பார்ப்போம். பைக்கில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் நல்ல மெக்கானிக் இதே வரிசையில்தான் யோசிக்கிறார். இந்த வரிசையைத் தமிழில் எழுதி வைத்தவர் ஒரு பெண்பாற் புலவர்.

பாடலில் ஒரு வேலைப் பிரிவினையும் உண்டு. வண்டி அவனுடையது, காது இவர்களுடையது. அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிவிடுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டி ஒலியை அடக்கி வருகிறான். மணியின் நாவில் கைவைக்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. வண்டியின் ஓசையைக் கேட்கலாம், அதன் உறுப்பில் கைவைக்கக் கூடாது என்ற இந்தப் பிரிவினை எங்கிருந்து எதுவரை வந்திருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

காது வைத்துக் கேட்டு உள்ளே இருக்கும் கோளாறைச் சொல்வது நவீன அறிவியலில் ஒரு மரியாதையான முறையாக ஆன கதையிலும் ஒரு பெண் இருக்கிறாள். பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் 1816இல் ரெனே லெனெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறுள்ள ஓர் இளம்பெண் வந்தாள். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சம். காகிதத்தைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். 1819இல் அவர் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். லெனெக்கின் பெயர் உலகெங்கும் மருத்துவ மாணவர்களுக்குத் தெரியும். யாருடைய உடம்பில் அந்தக் குழல் முதலில் வைக்கப்பட்டதோ அவள் 'ஓர் இளம்பெண்' என்ற அளவில் நின்றுவிட்டாள். கேட்பவர் ஆண், கேட்கப்படும் உடல் பெண். மருத்துவத்தில் பெண்கள் இந்த இடத்தை மாற்றிக்கொண்டார்கள். பட்டறையில் அந்த மாற்றம் இன்னும் சரியாக நடக்கவில்லை.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் டோரதி லெவிட் 1909இல் பெண்களுக்காக ஒரு கார் கையேடு எழுதினார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் சொன்னதற்காக இன்று அவரை நினைவுகூர்கிறார்கள். வண்டியில் வரும் கோளாறுகளைத் தவிர்க்கவும் சரிசெய்யவும் அதே கையேட்டில் அவர் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தெரேசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு பெண்கள் 1934 டிசம்பரில் 600 சிசி பேந்தர் மோட்டார் சைக்கிளில், சைடு காரும் இழுவண்டியும் பூட்டி, லண்டனிலிருந்து கிளம்பினார்கள். சகாரா பாலைவனத்தைக் கடந்து 1935 ஜூலையில் கேப் டவுன் சேர்ந்தார்கள். பாலைவனத்தில் பட்டறை ஏது? என்ஜின் மாறி ஒலித்தால் அதன் பொருள் அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பியாட்ரிஸ் ஷில்லிங் பதினான்கு வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். பொறியியல் படித்தார். 1934இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டன் பைக்கில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மெர்லின் என்ஜின் பொருத்திய போர் விமானங்கள் தலைகுப்புறப் பாயும்போது என்ஜின் இருமி அடங்கிவிடும் கோளாறு இருந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் அளவு அந்த நொடியில் தாறுமாறாவதுதான் காரணம். 1941இல் ஷில்லிங் அதற்கு ஒரு தற்காலிகத் தீர்வு கண்டார். நடுவில் துளையிட்ட சின்ன உலோகத் தடுப்பு, அவ்வளவுதான். விமானங்களைத் தளத்திலேயே வைத்துப் பொருத்திவிட முடிந்தது. அவருடைய மேதைமையைப் பேசும் எல்லோரும் அந்தப் பதினான்கு வயதையும் பேச வேண்டும். ஒரு பெண் குழந்தையின் கையில் ஸ்பேனரைக் கொடுத்த வீடு அது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு நடந்தது. 1946இல் இத்தாலியில் கொராடினோ டஸ்கானியோ வடிவமைத்த வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது. கால் தூக்கிப் போடாமல் ஏறலாம். என்ஜினைத் தகட்டால் மூடிவிட்டதால் உடையில் எண்ணெய்க் கறை படாது. பாவாடை கட்டிய பெண்ணும் ஓட்டலாம் என்பது உண்மையான விடுதலைதான். அதே மூடிக்குள் என்ஜின் கண்ணுக்கு மறைந்ததும் உண்மை. நம் ஊரில் 1990களில் பெண்களுக்கென்றே வந்த சிறு ஸ்கூட்டர்கள் இந்த மூடுதலை முழுமையாக்கின. கியர் வேண்டாம், உதைக்க வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் வேண்டாம்.

மோட்டார் சைக்கிளிலோ பெண்ணுக்கு என்று சட்டமே ஒரு பாகத்தை வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதிப்படி, பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு தடுப்பு வேண்டும். உட்காருபவர் ஆணா பெண்ணா என்று விதி பேசவில்லை. மக்கள் அதற்குச் 'சாரி கார்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பைக்கில் பெண்ணின் இடம் எது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது: பின்னால், ஒரு பக்கமாக, சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. அந்தத் தடுப்பு எத்தனையோ பெண்களின் உயிரைக் காத்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்துதான் வண்டியின் பின்பாதி மிக நன்றாகக் கேட்கும். ஓட்டுபவரின் காதை ஹெல்மெட்டும் காற்றும் அடைத்திருக்கும். செயினுக்கும் பின்சக்கரத்துக்கும் மேலே உட்கார்ந்திருப்பவள் அவள். "என்னமோ சத்தம் வருதுங்க" என்று முதலில் சொல்பவளும் அவளாகத்தான் இருப்பாள். "ஒண்ணுமில்ல, சும்மா வா" என்ற பதிலைக் கேட்காத மனைவிமார் நம்மில் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் இந்த இடம் மாறத் தொடங்கிய வரலாற்றில் புதுக்கோட்டைக்கு முதல் மரியாதை தர வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தது. விவசாயக் கூலிப் பெண்களும் கல் குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். ஏளனமும் வசையும் வந்தன. அவர்கள் நிறுத்தவில்லை. சைக்கிளின் பெரிய நற்குணம், அதில் எதுவும் மூடியில்லை. பெடல், செயின், பல்சக்கரம், பிரேக் கட்டை எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. எண்ணெய் காய்ந்த செயின் எப்படிக் கிறீச்சிடும், தளர்ந்த செயின் எப்படிக் கவரில் அடிக்கும் என்று தெரிந்த காதுக்கு, பைக்கின் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட் இதற்கு அடுத்த படி. பெடலும் உண்டு, என்ஜினும் உண்டு, என்ஜின் வெளியே தெரியும். பிறகு 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகன விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாகத் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பெண்ணின் பெயரில் வண்டி, பெண்ணின் பெயரில் உரிமம். பெரிய காரியம். அந்த உரிமத்துக்கு நாம் எட்டுப் போட்டுக் காட்டுகிறோம், சாலைக் குறிகளைப் படிக்கிறோம். நம் வண்டி நல்ல நிலையில் எப்படி ஒலிக்கும் என்று யாரும் கேட்பதில்லை, சொல்லித் தருவதுமில்லை. வண்டி கைக்கு வந்துவிட்டது. அதன் உள்விஷயம் இன்னும் யாரோ ஓர் அண்ணனிடம்தான் இருக்கிறது.

எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி, அப்பாவின் பழைய 100 சிசி பைக்கில் 18 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் வண்டியில் 'கடகட' என்று சத்தம். பட்டறையில் போய்ச் சொன்னாள். "எப்படிம்மா சத்தம்?" என்று கேட்டிருக்கிறார். "கடகடன்னு வருதுண்ணா." பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்களாம். "வண்டிய விட்டுட்டுப் போம்மா, சாயங்காலம் அப்பாவ வரச் சொல்லு, அவர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றாராம் அவர்.

இந்தச் சிரிப்பைப் பற்றித் தமிழ் படித்தவளாக நான் ஒன்று சொல்ல வேண்டும். 'கடகட' என்பது அறியாமையின் மொழி கிடையாது. தொல்காப்பியம் உரிச்சொல்லுக்கு அடிப்படையாக இசை, குறிப்பு, பண்பு மூன்றையும் சொல்லும்போது இசையை முதலில் வைக்கிறது. இரட்டைக்கிளவிக்குத் தனி விதி வைக்கிறது. ஒலியைச் சொல்லாக்கி இன்னொருவர் காதில் ஏற்றுவது இந்த மொழியின் பழைய பலம். பட்டறைக்குள்ளும் இதே மொழிதான் புழங்குகிறது. 'டேப்பெட் டிக்டிக்குங்குது', 'பேரிங் ஊன்னு இழுக்குது' என்றுதான் மெக்கானிக்குகளும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஒரே சொல் ஆண் வாயில் தொழில்மொழியாகவும் பெண் வாயில் நகைச்சுவையாகவும் ஆகிறது. அந்தச் சொல்லோடு எப்போது, எங்கே, எதை மாற்றினால் மாறுகிறது என்ற மூன்று விவரங்களும் சேர்ந்துவிட்டால் சிரிப்பதற்கு இடமிருக்காது.

அந்த மூன்றையும் எப்படிச் சேர்ப்பது? முதலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். விரல்கள் செயின் பக்கமும் ஸ்போக் பக்கமும் போகாமல் டயரை மட்டும் தொட வேண்டும். இப்போது கேட்பதெல்லாம் சக்கரம், செயின், பிரேக் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உரசினால் பிரேக் ஷூவைப் பாருங்கள். கரகரவென்று தொடர்ந்தால் பேரிங். செயினை நடுவில் மேலும் கீழும் அசைத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் தளர்ந்திருக்கிறது. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

அடுத்து ஆயில். சமதளத்தில் நிறுத்தி, கையேடு சொல்லும் முறையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். சிறு நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் மொத்தமே சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான். அதில் கால் லிட்டர் குறைந்தாலே என்ஜின் குரல் மாறும். ஆயில் பார்க்காமல் எந்த என்ஜின் சத்தத்தைப் பற்றியும் முடிவுக்கு வரக் கூடாது.

பிறகு நியூட்ரலில் என்ஜினை ஓட விடுங்கள். மேலே சிலிண்டர் ஹெட்டில் தையல் மெஷின் போல மெல்லிய டிக்டிக் வந்தால் டேப்பெட்டாக இருக்கும். வால்வுக்கு விடப்படும் இடைவெளி மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அது கூடினால் இப்படி ஒலிக்கும். பதற வேண்டாம், சில நாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆக்சிலேட்டரை விடும்போது என்ஜின் பக்கவாட்டில் சலசலவென்றால் டைமிங் செயினைச் சந்தேகப்படலாம். சைலன்ஸர் என்ஜினோடு சேரும் இடத்தில் பட்பட் என்றால் புகை கசிகிறது. கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் பாருங்கள். இடம் தெரியவில்லையா? நீளமான திருப்புளியின் முனையை என்ஜின் உறையில் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்துங்கள். லெனெக்கின் குழல் இதுதான். துப்பட்டாவையும் தலைமுடியையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுழலும் பாகத்துக்கும் சூடான சைலன்ஸருக்கும் தள்ளி நின்று செய்யுங்கள்.

கடைசியாகச் சாலை. ஆளில்லாத நேரான சாலையில், ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். பிறகு கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக ஓட விடுங்கள். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் சத்தம் என்ஜினில். என்ஜின் அடங்கிய பிறகும் சக்கரத்தோடு தொடர்ந்தால் சக்கரத்தில். பசுவின் மணியா, தேரின் மணியா என்று பாறையேறுவது இதுதான்.

அந்த மாணவி இந்த வரிசையில் போனாள். எந்தக் கியரிலும் சத்தம் மாறவில்லை. கிளட்ச் பிடித்தாலும் மாறவில்லை. மேடுபள்ளமான சாலையில் மட்டும் வந்தது. ஸ்டாண்டில் நிறுத்தி ஒவ்வொரு தகடாகக் கையால் அசைத்துப் பார்த்தாள். நம்பர் பிளேட் இறுக்கம், மட்கார்டு இறுக்கம். சாரி கார்டின் கீழ் போல்ட் ஒன்று கழன்று விழுந்திருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு போல்ட்டும் வாஷரும் போதுமானவையாக இருந்தன.

எல்லாச் சத்தமும் இப்படி முடியாது. என்ஜினின் அடிவயிற்றிலிருந்து, ஏற்றத்தில் கூடுகிற கனமான 'டொக் டொக்' வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருந்தால் மேலும் ஓட்டுவது என்ஜினைக் கொல்லும். பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உரசும் சத்தம், திருப்பத்தில் ஆட்டத்தோடு சேர்ந்து வரும் சக்கரச் சத்தம், செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும் சத்தம், இவற்றோடு வீடுவரை போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. அதேபோல, வண்டியை நிறுத்திய பிறகு சைலன்ஸரிலிருந்து வரும் டிங் டிங்குக்குப் பயப்பட வேண்டாம். சூடான இரும்பு ஆறுகிறது.

இரவு எட்டு மணிக்கு, வீட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது புதிதாக ஒரு சத்தம் வந்தால், இந்த வேறுபாடு தெரிந்தவளும் தெரியாதவளும் ஒரே சாலையில் இல்லை. தெரிந்தவள் இது பொறுக்கும், இது பொறுக்காது என்று முடிவெடுப்பாள். நிற்க வேண்டுமென்றால் இருட்டுக்கு முன்பாகவே வெளிச்சமுள்ள கடை வாசலில் நிற்பாள். தெரியாதவளுக்கு எல்லாச் சத்தமும் அச்சம்தான். அல்லது "ஒண்ணுமில்ல" என்ற பழைய பதிலைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போவாள். இரண்டுமே ஆபத்து. கேட்கத் தெரியாதவளிடம் தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வாங்குவதும் எளிது.

மெக்கானிக்கின் காதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளியை விட்டுவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வயதில் எடுபிடியாக வந்து, அடி வாங்கி, டீ வாங்கி வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, வருடக்கணக்கில் பக்கத்தில் நின்று கேட்டுப் பெற்ற காது அது. ஏழைப் பையன்களின் குழந்தைப் பருவத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய கல்வி. அந்த வழியில் பெண் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் தெருவோரம் குந்தி உட்கார்ந்து, கையில் கிரீஸோடு, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம் பெண்ணுக்கு எங்குமே இல்லை என்பதையும் ஏற்க முடியாது. கல்லூரிகளில் கோலப் போட்டி நடத்த ஒரு நாள் இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றிக் காட்ட அரைமணி நேரம் போதும்.

வீட்டில் நமக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. கிரைண்டரில் மாவு இறுகிவிட்டதையும், மிக்ஸியில் பிளேடு தேய்ந்துவிட்டதையும், தையல் மெஷினில் எண்ணெய் வற்றிவிட்டதையும் அடுத்த அறையிலிருந்தே சொல்கிறோம். அதை யாரும் அறிவு என்று கணக்கில் வைத்ததில்லை, நாமும் வைத்துக்கொள்ளவில்லை. வண்டி நன்றாக இருக்கும் இன்றைக்கே, ரேடியோ இல்லாமல் போன் இல்லாமல், ஐந்து நிமிடம் அதை ஓட விட்டுக் கேளுங்கள். நல்ல குரல் தெரிந்தால்தான் மாறிய குரல் தெரியும். ஒரு நோட்டு வைத்துத் தேதி, ஓடிய கிலோமீட்டர், சத்தம் என்ன, எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று எழுதுங்கள். கடகட, டிக்டிக், கிறீச் என்று உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டோடு போங்கள், அவர் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.